வெள்ளிக்கிழமைக் கட்டம்

செவ்வாய்க்கிழமை காலையிலேயே புதன்கிழமைக் கட்டத்தில் ஏழு என்று எழுதியிருந்தது.

பிரிட்ஜ் கதவில் தொங்கிய தலைவலி நாட்குறிப்பு அது. வலியில்லாத நாளுக்குப் பூஜ்யம், தாங்கவே முடியாத வலிக்குப் பத்து. மூன்று வாரமாக டாக்மர் எட்டை மூன்றாக்கி எழுதி வந்தாள். வலி பாதியாகக் குறையாவிட்டால் மாத ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஊசி இல்லாவிட்டால் வேலைக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை கிளினிக்கில் காட்ட வேண்டும். இந்தப் பித்தலாட்டம் கணவன் ஹென்னிங்குக்குப் பிடிக்கவில்லை. வேறு யார் எழுதியிருப்பார்கள்?

கேட்டாள். அவன் கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான்.

"உன் கையெழுத்துதானே டாக்மர். வலி வந்தா உனக்கு எதுதான் ஞாபகம் இருக்கு?"

புதன்கிழமை வலி வந்தது. சரியாக ஏழு. இருபது வருடப் பழக்கம், அளவு தப்பாது. அன்று மாலை பென்சிலை வெளிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு நாட்குறிப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

வியாழன் மதியம், ஜூன் வெயிலுக்குத் திரையை இழுத்து மூடிப் படுத்திருந்தவளுக்குத் துறைமுகத்துக் கடற்காகங்களின் கத்தலும், பிரிட்ஜின் முனகலும், ஆறிப்போன காபியின் வாடையும், அதற்கும் அடியில் அப்போதுதான் சீவிய பென்சிலின் மரவாசனையும் வந்தன. ஹென்னிங் காலையிலேயே சைக்கிளில் போய்விட்டான். வீட்டில் யாருமில்லை.

சரசர.

தாளில் பென்சில் ஓடும் சத்தம். தலையணைக்கு அடியிலிருந்து வரவில்லை. இடது கண்ணுக்குப் பின்னால்.

நாட்குறிப்பை உருவினாள். அவள் எழுதிய மூன்றுகள் எல்லாம் எட்டாகியிருந்தன. இன்று ஒன்பது. நாளை, வெள்ளிக்கிழமை, பத்து. அதற்குப் பிறகு பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பக்கத்தின் அடிவரை.

எட்டுகளைப் பார்த்தும் ஊசி கொடுத்துவிடுவார்கள், அதனால்தான் இந்தப் பூஜ்யங்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டாள். அவளுக்குத் தொடர்ந்து இரண்டு பூஜ்யம் வந்ததே கிடையாது. பிறகுதான் உறைத்தது. வலிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

போன் அடித்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஹென்னிங் கேட்பதுதான்.

"இன்னைக்கு எத்தனை?"

"ஒம்பது."

"சரி. நாளையோட கேக்கறத விட்டுடறேன்."

வைத்துவிட்டான்.

சரசர. அவள் குனிந்து பார்த்தாள். அடுத்த பக்கத்தின் முதல் கட்டத்தில், பென்சிலும் இல்லாமல் கையும் இல்லாமல், ஒரு பூஜ்யம் மெதுவாக வளைந்துகொண்டிருந்தது.