தூங்குகிறவளின் நெகட்டிவ்

நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் அந்த என்லார்ஜருக்குக் கரண்ட் கொடுத்து வருஷக்கணக்காகிவிட்டது என்று சொல்லித்தான் அனுசுயா கூட்டிவந்தாள். ஆனால் வாங்க வந்த சுரேந்தர் அதன் விளக்குக் கூண்டின் மேல் கை வைத்தபோது, யாரோ இப்போதுதான் அணைத்துவிட்டுப் போனது மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

“ஏனுங்கம்மா, இது சுடுதுங்களே?”

“அது அப்பிடித்தான் சார் இருக்கும்,” என்றாள் அனுசுயா.

விருதுநகர்ப் பக்கத்துக்காரி. திருப்பூர் காதர்பேட்டைச் சந்தில் மாமனார் நடத்தி மூடிப்போன ஸ்டுடியோவின் முன்பக்கத்தில் இப்போது பனியன் லேபிள் விற்கிறாள். பின்பக்க இருட்டறையையும் காலி செய்தால் பண்டல் அடுக்க ஆகும் என்றுதான் இந்த விற்பனை.

“பேய் குளிர் காயுதாட்டம் இருக்குதுங்க,” என்றான் சுரேந்தர். அவள் சிரிக்கவில்லை.

அவனுக்கு உலகத்தில் பாதிப்பேர் மேல் இளக்காரம். மீதிப்பேரைக் கண்டுகொள்வதே இல்லை. சொந்தமாக நிட்டிங் கம்பெனி இருந்தது. அகல ஃபிலிம் ரோல் போடுகிற பழைய கேமரா இருந்தது. செல்போனில் படம் பிடிக்கிறவர்களை அவன் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அறையில் இரண்டு என்லார்ஜர்கள் நின்றன.

“சின்னத எடுத்துக்கிடுங்க சார். பெருசு வேண்டாம்.”

“சின்னதுல என்ற நெகட்டிவ் நுழையாதுங்க. ஃபிலிம்லயும் சைஸ் இருக்குதுங்கம்மா. நீங்க லேபிள்ல மட்டும் பாத்திருப்பீங்க.”

பெரிய என்லார்ஜரின் தூணைப் பிடித்து ஆட்டினான், அசையவில்லை. டார்ச் அடித்து, துருத்தி மாதிரி மடியும் தோல் பையில் ஓட்டை தேடினான், இல்லை. லென்ஸிலாவது பூஞ்சை பிடித்திருக்கும், அதைச் சொல்லி மட்டம் தட்டலாம் என்று குனிந்தான். கண்ணாடி, அழுது முடித்த கண் மாதிரி ஈரப் பளபளப்போடு அவனைப் பார்த்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காதது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

“இத்தன நல்ல சாமான எதுக்குங்க வேண்டாங்கிறீங்க? வெலைய ஏத்தறதுக்குங்களா?”

“எங்க மாமா சாவு வீட்டுக்குப் படம் எடுக்கிறவரு சார். பொணத்த நாற்காலில உக்கார வச்சு எடுப்பாரு. ஆனா மாலை போட்டு மாட்டுற படத்துல கண்ணு மூடியிருந்தா ஒத்துக்கிட மாட்டாகல்ல? பிரஷ்ஷ வச்சுக் கண்ணு வரஞ்சு குடுக்கணும். இந்தப் பெரிய மெசினு வந்த பொறவு மாமா பிரஷ்ஷத் தொடவே இல்ல. இதுல ஏத்துனா கண்ணு தானாத் தொறந்துக்கிரும்.”

“சும்மா தூங்கறவங்களுக்குங்க?”

“தொறக்காது. செத்தவுகளுக்கு மட்டுந்தான்.”

“அடேங்கப்பா. டாக்டரே வேண்டாமுங்களே!”

சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் மனைவி அபிராமி.

“ஏனுங்க, மூச்சு அடைக்குதுங்க. காரு உங்ககிட்ட இருக்குது. வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?”

“பஞ்சு பறக்கற ஊர்ல எல்லாத்துக்குந்தான் மூச்சு அடைக்குது. அரை மணி நேரத்துல செத்தா போயிருவ?”

மறுமுனையில் இழுத்து இழுத்து வாங்கும் மூச்சு மட்டும் கேட்டது. போனை அணைத்துப் பையில் போட்டான்.

பரிசோதிக்க ஒரு நெகட்டிவ் துண்டு கொண்டுவந்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அபிராமி தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்கள் அதில் இருந்தன. விழித்திருக்கும்போது அவளை எடுக்க மாட்டான். அவள் பார்க்கிற பார்வை படத்தைக் கெடுத்துவிடும் என்பான்.

“யாரு சார் இது?”

“என்ற சம்சாரந்தானுங்க. இப்பப் பேசுனாளே, கேட்டீங்கல்ல? உசுரோடதான் இருக்கறா. பாத்துப்புடலாம் உங்க மாமனார் வித்தைய.”

“நான் இங்கன நிக்க மாட்டேன் சார்.” அனுசுயா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருட்டு வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டது. படம் கழுவும் ஹைப்போவின் பழைய புளித்த வாடையும் சுவரில் ஊறிய ஈரமும் மூக்கில் ஏற, அடுத்த கட்டடத்தில் பனியன் தைக்கும் ஓவர்லாக் மெஷின்கள் ஓயாமல் இரைகிற இரைச்சலும் அதற்குள் இந்தியில் யாரோ யாரையோ அதட்டுகிற குரலும் சுவர் வழியாகக் கசிந்துகொண்டிருக்க, அவன் நெகட்டிவைச் செருகி, பிளக்கை மாட்டி, என்லார்ஜரின் விளக்கைப் போட்டான்.

கீழே வெள்ளைப் பலகையில் அபிராமி விழுந்தாள். நெகட்டிவ் ஆனதால் கூந்தல் வெள்ளையாக, முகம் கருப்பாக. திருகைத் திருப்பினான். கலங்கல் தெளிந்து, தலையணையின் சுருக்கம், மூக்குத்தி, இமை மயிர் ஒவ்வொன்றாகத் துலங்கின. கண்கள் மூடியிருந்தன.

“வித்தையாம்,” என்று தனக்குத்தானே சிரித்தான். இந்த ஊரில் மூளையையும் சேர்த்துத்தான் வெட்டித் தைக்கிறார்கள் போல.

ஓவர்லாக் மெஷின்கள் நின்றன.

எல்லாம் ஒரே நேரத்தில். திருப்பூரில் பிறந்தவனுக்கு அந்த ஓசை அடங்குவதன் பொருள் தெரியும். கரண்ட் போய்விட்டது. தெரு முழுக்கப் போய்விட்டது.

என்லார்ஜர் எரிந்துகொண்டிருந்தது.

ஜெனரேட்டர் இருக்கும் என்று நினைத்தான். லேபிள் கடைக்கு ஏது ஜெனரேட்டர்? பலகையைப் பார்க்கக் கூடாது என்று தோன்றியது. பார்த்தான்.

அபிராமி கண்ணைத் திறந்திருந்தாள்.

விழியின் வெள்ளை கருப்பாக. கருமணி வெள்ளையாக. அந்த வெள்ளை மணிகள் நேராக அவனைப் பார்த்தன. அவள் ஒருநாளும் அவனைப் பார்த்திராத பார்வை. அதில் இருந்தது இளக்காரம்.

“இப்பத்தான பேசுனா,” என்றான். போனைத் தொட்டான். அவளைக் கூப்பிட்டால் தெரிந்துவிடும். எடுக்காமலே கையை விலக்கிக்கொண்டான்.

நெகட்டிவை இழுத்து அடுத்த படத்துக்குத் தள்ளினான். அதே கட்டில். அதே தலையணை. தலை அழுந்திய பள்ளம்.

அபிராமி இல்லை.

பிளக்கைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. கட்டில் மறைந்தது. தலையணை மறைந்தது.

பலகையில் இரண்டு வெள்ளை மணிகள் மட்டும் மிஞ்சின.

அவை பலகையை விட்டு எழும்பின. மெதுவாக. அவன் இடுப்பு உயரம். நெஞ்சு உயரம். முகத்துக்கு நேரே வந்து நின்றன.

மூடின.

திறந்தன.