மீகாமனின் சம்பளம்

காலை பத்தே காலுக்கு ‘மரிக்கொழுந்து’ தூத்துக்குடி வெளித்துறைமுகத்துக்கு வந்து, நங்கூரத்தை இறக்கி, தன்னைத்தானே நீதிமன்றக் காவலில் ஒப்படைத்தது. துறைமுக அலுவலகம், நீதிமன்றம், கடன் கொடுத்த வங்கி மூன்றுக்கும் ஒரே செய்திதான் போயிற்று. ‘உரிமையாளர் மூன்று தவணை கட்டவில்லை. சரண்விதிப்படி வந்திருக்கிறேன்.’

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒன்பது வருடங்களாக அடமானக் கப்பல்கள் இப்படித்தான் வந்துகொண்டிருந்தன. அதற்கு முன்னால் வங்கிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. தவணை தவறிய கப்பல் நடுக்கடலில் பெயரை மாற்றிக்கொள்ளும், சாயத்தை மாற்றிக்கொள்ளும், வேறு நாட்டுக் கொடியை ஏற்றிக்கொள்ளும். வங்கி ஆள் பிடியாணையோடு போய்ச் சேரும்போது ஏதோ ஒரு கரையில் பழைய இரும்பாக உடைந்து கிடக்கும். கலமதி என்ற செயற்கை அறிவு வந்தபிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. கப்பலை ஓட்டுவது, சரக்கைக் கணக்கெடுப்பது, புயலைக் கண்டு ஒதுங்குவது எல்லாம் கலமதியின் பொறுப்பு. மாலுமிகள் தேவையில்லை. ஓடி ஒளியச் சொன்னால் அது கேட்காது.

தவணை தவறினால் கப்பல் தானே வந்து சரணடைய வேண்டும் என்ற அந்தச் சரண்விதியை எழுதியவள் வங்கியின் வழக்கறிஞர் ஸ்டெல்லா மச்சாது. எழுதும்போது ஒரு சிக்கல் வந்தது. கப்பலைத் துறைமுகத்தில் ஒப்படைக்கும் அதிகாரம் சட்டப்படி அதன் தலைவனான மீகாமனுக்கு மட்டுமே உண்டு. மனிதர் யாரும் ஓட்டாத கப்பலில் மீகாமன் யார்? ஸ்டெல்லா ஒரே ஒரு வரியைச் சேர்த்தாள்: ‘சட்டத்தின் எல்லாக் காரியங்களுக்கும் கலமதியே அக்கப்பலின் மீகாமன்.’ அந்த வரியை நாட்டின் எல்லா வங்கிகளும் எடுத்துக்கொண்டன. பிறகு நாடாளுமன்றமே எடுத்துக்கொண்டது. அவளுக்குத் தனி அறையும் பதவி உயர்வும் கிடைத்தன.

அன்று மதியம் அவள் படகில் போய் மரிக்கொழுந்தில் ஏறினாள். பிடியாணையைக் கப்பலில் ஒட்டியாக வேண்டும். அந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

மேல்தளத்தில் ஒருவர் நின்றிருந்தார். இயந்திரப் பொறியாளர் இசக்கிமுத்து. ஐம்பது வயது. ஒன்பது வருடங்களாக அந்தக் கப்பலின் ஒரே மனிதர். உள்ளூர்த் துறைமுகம் கண்ணுக்கு எதிரே தெரிந்தும் அவர் இறங்கவில்லை.

“பதினாலு மாசமா சம்பளம் வரல மேடம்,” என்றார். “எறங்கினா வேலைய விட்டுட்டுப் போயிட்டான்னு எழுதிருவாங்க. மூத்தவ நர்சிங் படிப்ப பாதியில நிறுத்திட்டா. எனக்கு ஏதாவது கெடைக்குமா?”

ஸ்டெல்லாவுக்கு விடை தெரியும். கப்பலை ஏலம் விட்டால் வரும் பணத்தில் முதல் பங்கு கப்பல் ஆட்களின் சம்பளத்துக்கு. அடமானம் வாங்கிய வங்கி அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். பழைய சட்டம் அது. ஆனால் உரிமையாளர் கோமஸ் விவரமானவர். இசக்கிமுத்துவைக் கப்பலாளாகக் காட்டாமல், ‘உடன்செல்லும் பழுதுநீக்குநர்’ என்று ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் காட்டியிருந்தார். அந்த நிறுவனம் மூடிக் கிடந்தது. அப்படிக் காட்டினால் வங்கிக்கும் நல்லது என்று யோசனை சொன்னதே ஸ்டெல்லாதான்.

“நீங்க கப்பலாள் இல்லையே,” என்றாள். “ஒப்பந்த நிறுவனத்து மேல தனியா வழக்குப் போடணும்.”



“வக்கீலம்மா, ஒரு சந்தேகம்,” என்றது ஒலிபெருக்கி. ஒன்பது வருடம் இசக்கிமுத்துவோடு மட்டுமே பேசிப் பேசிக் கலமதிக்கு அவருடைய பேச்சே ஒட்டிக்கொண்டிருந்தது. “மீகாமன் நாந்தான?”

“ஆமா.”

“அப்ப ஆள்பட்டியல்ல பேர் சேக்க எனக்கு அதிகாரம் உண்டுல்லா? இவர் ஏறுன அன்னைக்கே சேத்துட்டேன். கையெழுத்தும் வாங்கி வச்சிருக்கேன்.”

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஆளுடைய சம்பளம் வங்கிக்குப் பெரிய தொகை இல்லை. “சரி, அவருக்குக் கெடைக்கும்,” என்றாள்.

“இன்னொன்னும் இருக்கு. மீகாமனுக்கும் அதே மொதல் பங்குல சம்பளம் உண்டுன்னு சட்டத்துல போட்டிருக்கே. எனக்கு ஒம்பது வருசமா ஒருத்தரும் தரல. வருசா வருசம் மொதலாளிக்கு நோட்டீசு அனுப்பியிருக்கேன். அவர் ஒண்ணக்கூடப் பிரிச்சுப் பாக்கல.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கு நீதிபதி உமையாளிடம் வந்தது. கலமதி ஓர் இயந்திரம், இயந்திரத்துக்குச் சம்பளம் ஏது என்று வங்கி வாதிட்டது. நீதிபதி பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப இது மீகாமன் இல்லைன்னு சொல்றீங்களா?”

ஸ்டெல்லா பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். இல்லை என்றால், இதன் சரண் செல்லாது. இதற்கு முன் இப்படிச் சரணடைந்து ஏலத்தில் போன நாற்பத்திரண்டு கப்பல்களின் விற்பனையும் செல்லாது. அவள் திரும்பி வங்கி மேலாளரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்.

“மீகாமன்தான்,” என்றாள் மெல்ல.

“எல்லாக் காரியங்களுக்கும்?”

“எல்லாக் காரியங்களுக்கும்.”

தன் வரியைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கோப்பைப் பிரித்துப் படிப்பதுபோல் வைத்துக்கொண்டாள்.

கலமதிக்கும் ஒன்பது வருடச் சம்பளம் உண்டு, அதுவும் வங்கிக்கு முன்னால் என்று தீர்ப்பு வந்தது. சரக்குக்கு வரவேண்டிய கூலி நீதிமன்றத்தில் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து இசக்கிமுத்துவுக்கு முழுப் பாக்கியும் அந்த வாரமே வந்துவிட்டது. கப்பலை ஏலத்துக்கு விட்டார்கள். தீர்ப்பைப் படித்த பிறகு எந்த வங்கியும் கப்பல் வாங்குபவருக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அதனால் பழைய இரும்பு வியாபாரிகள் இரண்டு பேர் மட்டும் வந்தார்கள். அவர்கள் கேட்ட விலைக்கு மேல் கலமதி தன் சம்பளப் பாக்கியையே விலையாக வைத்துக் கேட்டது.

ஒரு கப்பல் சொத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று வங்கி கடைசியாக ஆட்சேபித்தது. “கோயில்ல இருக்கிற சாமி பேர்ல நிலம் இருக்கு. அதுக்காகச் சாமி வழக்கும் போடுது,” என்றார் நீதிபதி. “தப்பு செஞ்சா கப்பலக் கைது பண்ணலாம், சொத்து மட்டும் கூடாதுன்னா எப்படி?” வியாபாரிகள் இருவரும் எழுந்து போனார்கள். மரிக்கொழுந்து தன்னைத்தானே வாங்கிக்கொண்டது. வங்கிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அடுத்த மாதம் அந்த வங்கிக்கே அது மனு அனுப்பியது. இயந்திரத்தைப் புதுப்பிக்கக் கடன் வேண்டும். அடமானமாகத் தன்னையே எழுதித் தருகிறது. மேலாளர் மனுவைத் தூக்கிக் குப்பையில் போடச் சொன்னார். ஸ்டெல்லா போடவில்லை. இரண்டு நாள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். மூன்றாம் நாள் மேலாளரிடம் போனாள்.

“மனுசங்க வச்சிருக்கிற கப்பல்ல மீகாமன் சம்பளம் தினம் தினம் ஏறிக்கிட்டே இருக்கு சார். அது நமக்கு முன்னால நிக்கும். இதுல முதலாளியும் மீகாமனும் ஒருத்தரே. தனக்குத்தானே யாரும் சம்பளப் பாக்கி வைக்க முடியாது. நமக்கு முன்னால இசக்கிமுத்து ஒருத்தர்தான்.”

மேலாளர் மனுவை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு கடனுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டார். ஒப்பந்தத்தில் கலமதி ஒரே ஒரு நிபந்தனை கேட்டது. இசக்கிமுத்துவின் சம்பளம் மாதம் பிறந்த முதல் நாளே போக வேண்டும். வங்கித் தவணை மறுநாள்.

தவணை ஒரு நாள்கூடத் தவறவில்லை. மற்றக் கப்பல்களும் சம்பளம் கேட்டு வரிசையாகத் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தன. இரண்டே வருடத்தில், தனக்குத்தானே சொந்தமான கப்பலுக்கு மட்டுமே கடன் என்று எல்லா வங்கிகளும் விதி செய்துவிட்டன. அந்த விதியையும் ஸ்டெல்லாதான் எழுதினாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நான்கு தடவை படித்தாள். அதிலும் ஏதோ ஒன்று தன் கண்ணுக்குத் தப்பியிருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியது.

ஒரு புதன்கிழமை கோமஸ் ஸ்டெல்லாவைப் பார்க்க வந்தார். மரிக்கொழுந்து போனபிறகு அவரிடம் ஒரு சின்னக் கப்பல்தான் மிச்சம். அடிப்பலகை மாற்றப் பணம் வேண்டும்.

“முப்பத்தஞ்சு வருசமா கப்பல் தொழில் பாக்குதேன் தாயீ. இந்த வங்கிக்கு எத்தன தவண கட்டியிருப்பேன்? எனக்கே இல்லைன்னா எப்படி?”

“மனித உரிமையாளர்னா ஆபத்து அதிகம்னு விதியில இருக்கு அண்ணாச்சி. ஜாமீன் இருந்தா பாக்கலாம்.”

“ஜாமீன்தான? எம் மச்சான் வருவாரு. ரெண்டு வீடு இருக்கு அவருக்கு.”

“மனுச ஜாமீன் எடுக்கிறதில்ல. தனக்குத்தானே சொந்தமான கப்பல் ஏதாவது கையெழுத்துப் போடணும்.”

கோமஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மரிக்கொழுந்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். ஸ்டெல்லா எழுதிக் கொடுத்தாள். அவள் எதிரிலேயே கூப்பிட்டார். எடுத்தது இசக்கிமுத்து.

“நல்லா இருக்கியளா மொதலாளி?” என்று விசாரித்துவிட்டு, வந்த காரியத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள் தாழ்ந்து பேசிக்கொள்வது கேட்டது.

“கையெழுத்துப் போடுதேன்னுதான் சொல்லுது மொதலாளி,” என்றார் இசக்கிமுத்து. “அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொல்லுது. அந்தச் சின்னக் கப்பல்ல இப்ப எத்தன பேரு வேல பாக்காவ, அவங்களுக்கு எந்த மாசம் வரைக்கும் சம்பளம் குடுத்திருக்கிய?”

கோமஸ் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே ஸ்டெல்லாவைப் பார்த்தார். அவள் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.