நான் பாதி பார்த்துக் கொடுத்த படம்

சனிக்கிழமை மத்தியானம் நைலேன் வீட்டு ஜன்னல் கம்பியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வாசலில் நின்று "வரலாமா?" என்று குரல் கொடுத்தேன்.

"வாக்கா, தொறந்துதான் கெடக்கு!"

ஹவானாவுக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் கார்தெனாஸில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால் வெக்கையில் வெந்துபோக வேண்டியதுதான். வருகிறவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள். உள்ளே இருக்கிறவர்கள் யாரென்று எட்டிப் பார்க்கக்கூட மாட்டார்கள், வா என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள்.

நைலேன் என் சித்தி மகள். வயிற்றில் ஏழு மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இந்த முறை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: கழிவறைக்குப் போக மட்டும் எழுந்திருக்கலாம், மற்றபடி படுக்கைதான். புருஷனுக்கு வரதேரோ கடற்கரையில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். பக்கத்து வீட்டுக்காரி சோறும் பீன்ஸும் கொண்டுவந்து வைப்பாள். மற்ற நேரமெல்லாம் அந்த உயரமான மர வீட்டின் முன்னறையில் அவளும் டிவியும் மட்டும்.

"என்ன கொண்டாந்த? போன வாரம் குடுத்தது சப்புன்னு இருந்துச்சு. பேய் ரொம்ப மரியாதையா நடந்துக்குது."

"உன் ருசிக்குப் பேய நானா பெத்துப் போட முடியும்?"

"ஒண்ணப் பெத்துப் போடறதுக்கே இங்க படாதபாடா இருக்கு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

மற்ற நாடுகளில் வீட்டில் உட்கார்ந்தபடி இணையத்தில் பார்ப்பதை எங்கள் ஊரில் நான் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறேன். வாராவாரம் ஹவானாவிலிருந்து ஹார்ட் டிஸ்க் வரும். அதிலிருந்து ஆளுக்கு வேண்டியதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். தொடர்களையும் பேஸ்பாலையும் எவன் வேண்டுமானாலும் ஏற்றிக் கொடுப்பான். என் பெருமை வேறு. யாருக்கும் தெரியாத திகில் படங்கள், ஆவணப்படங்கள். அவற்றைத் தேடிப்பிடித்து, கைப்பட ஒரு பட்டியல் எழுதி வீடு வீடாகக் கொடுப்பேன். 'சிலே நாட்டுச் சுரங்கத்துக்குள் எடுத்தது. மூச்சு முட்டும், இதயம் பலவீனமானவர்கள் தள்ளி நிற்கவும்.' 'பராகுவே. ஒரு கிணறு, இரண்டு சகோதரிகள். கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியாகப் பார்க்காதீர்கள்.' இப்படி. பேய்ப்படத்தை எங்கள் ஊரில் பகலில்தான் பார்ப்பார்கள். ராத்திரியில் கரண்ட் இருந்தால்தானே?

எனக்கு நானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று உண்டு. கடைசிவரை பார்க்காத படத்தைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அந்த வாரம் அதை மீறினேன்.

தலைப்பு கிடையாது, எடுத்தவர் பெயர் கிடையாது. நாற்பது நிமிட ஆவணப்படம். மூடிக்கிடக்கும் சர்க்கரை ஆலைக் குடியிருப்பில் ஒரு காலி வீடு. கேமரா மெதுவாக ஒவ்வோர் அறையாக நடக்கிறது. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. பதினெட்டாம் நிமிடத்தில் என் வீட்டில் கரண்ட் போய்விட்டது. எனக்குப் பொறுமை இல்லை. 'ரத்தம் இல்லை, அலறல் இல்லை, கண்டிப்பாகப் பாருங்கள்' என்று எழுதிவிட்டேன். பென் டிரைவில் இடம் மிச்சமிருந்த பத்தொன்பது பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே ஏற்றியும் கொடுத்தேன். நைலேன்தான் முதல் ஆள்.

புதன்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, அந்தப் படத்த சனிக்கிழமையே பாத்தேன். அதுல ஒரு பொம்பள வெளிய நின்னு வரலாமான்னு கேக்குறா."

"சரி."

"நான் பாட்டுக்கு, வா, தொறந்துதான் கெடக்குன்னுட்டேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

"சிரிக்காதக்கா. படத்துல யாரும் பதில் சொல்லல, உள்ளயும் வரல. அப்படியே முடிஞ்சிருச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இங்க வந்திருக்கா."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வாசலிலேயே அந்த வாடை முகத்தில் அடித்தது. அடிப்பிடித்துக் கருகிய வெல்லப்பாகின் வாடை. ஞாயிற்றுக்கிழமை புருஷன் வந்து போனபின் அந்த வீட்டில் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில், எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் ஆடும் நாற்காலி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்ததும் நின்றது.

"சனிக்கிழமை அது கதவோரமா இருந்துச்சு" என்றாள் நைலேன். "நான் தொடலக்கா. தூங்கி முழிக்கறப்பல்லாம் கொஞ்சம் கிட்ட வந்திருக்கு."

உட்காரும் பலகையில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல.

"அது கிட்ட வர வர பாப்பா அசைய மாட்டேங்குது." அவள் என் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். "நேத்துல இருந்து ஒரு உதை இல்ல. இதுவும் போயிருமாக்கா?"

டாக்டரைக் கூட்டி வந்தேன். காது வைத்துக் கேட்டுவிட்டு, இதயம் துடிக்கிறது, ஆனால் இந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு என்று குதிரைவண்டியில் ஏற்றினால்தான் ஆபத்து என்றார். இந்த மாதிரிப் படங்களைக் கொடுக்கிறவர்களைச் சொல்ல வேண்டும் என்று என்னை முறைத்தபடி போனார். முறைத்ததில் தப்பே இல்லை.

நாற்காலியைத் தூக்கிக் கொல்லையில் போட்டேன். கதவுக்குப் பின்னால் துடைப்பத்தைத் தலைகீழாக நிறுத்தி உப்பைத் தூவினேன். வேண்டாத விருந்தாளி கிளம்ப எங்கள் ஊரில் செய்வது அது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் துடைப்பம் தரையில் கிடந்தது.

நாற்காலி கட்டிலை ஒட்டி நின்றது.

நைலேன் அழவில்லை. கூரையைப் பார்த்தபடி விரல்களால் வயிற்றைத் தட்டிக்கொண்டே இருந்தாள், உள்ளே தூங்குகிறவரை எழுப்புவதுபோல. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அந்தப் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தவள் நான்.

ஒரு வீட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்ட விருந்தாளியைப் போ என்று யாரும் சொல்ல முடியாது. கூப்பிட்டது நாம். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு வீட்டிலிருந்து யாராவது காப்பிக்குக் கூப்பிட்டால், அவர் எழுந்து அங்கே போய்விடுவார்.

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன். நான் தனிக்கட்டை. எனக்கு எது வந்தாலும் என்னோடு போகட்டும். மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. கதவை அகலத் திறந்து வைத்துப் படத்தை ஓடவிட்டேன்.

காலி அறைகள். வெளுத்த சுவர். தண்ணீர் சொட்டும் சத்தம்.

முப்பத்தோராம் நிமிடம்.

"வரலாமா?"

கரகரப்பாகவோ கோரமாகவோ இருந்திருந்தால் தேவலை. சாதாரணமான, களைத்துப்போன, பணிவான குரல். நெடுந்தூரம் நடந்து வந்தவள் கேட்பதுபோல் இருந்தது. நைலேனின் விரல்கள் கண்முன்னே வந்தன.

"வா, உள்ள வா" என்றேன் சத்தமாக. "கதவு தொறந்துதான் கெடக்கு. எவ்வளவு நாள் வேணும்னாலும் இருந்துக்கோ."

வெளியே வெயில் காய்ந்தது. எதிரே யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வெங்காய வாசனைக்கு மேலே, கருகிய வெல்லம்.

என் பின்னால் என் வீட்டு ஆடும் நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

போன் அடித்தது. "அக்கா, உதைக்குது!" நைலேன் கதறினாள். "உதைக்குதுக்கா, நிறுத்தாம உதைக்குது!" நானும் அழுதேன். முதுகைத் திருப்பிப் பார்க்காமலேயே அழுதேன்.

அன்றைக்கே மற்ற பதினெட்டு வீட்டுக்கும் அலைந்து அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் இன்னும் பார்த்திருக்கவே இல்லை. சரி சரி என்று தலையாட்டினார்கள்.

ஐந்து வாரம் கழித்து நைலேனுக்குப் பெண் பிறந்தது. இரண்டு கிலோ எண்ணூறு. தொட்டிலில் முஷ்டியை ஆட்டிக்கொண்டு கிடந்தவளைப் பார்த்தபோது, என் வீட்டு நாற்காலி எத்தனை வருடம் வேண்டுமானாலும் ஆடட்டும் என்று தோன்றியது. அது ஆடத்தான் ஆடியது. பகலெல்லாம், நிற்காமல். நான் அதன் பக்கம் போவதில்லை. சமையலறையில் பாய் போட்டுப் படுத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் எனக்கு வருத்தம் இல்லை.

போன சனிக்கிழமை மத்தியானம், கரண்ட் இல்லாத நேரத்தில், முடிவெட்டும் பெலார்மினோ விசிறிக்கொண்டே என் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா துல்விஸ், நடிகை ஆயிட்ட, ஒரு வார்த்த சொல்லல பாரு."

"என்ன நடிகை?"

"அழிக்கச் சொன்னியே அந்தப் படம். வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் அழிக்கச் சொன்னியா? நான் அழிக்கல. நேத்து கடையில எல்லாரும் சேந்து பாத்தோம். வெளிய ஒருத்தி வரலாமாங்கறா. உள்ளேருந்து நீ பதில் சொல்ற."

"நானா?"

"உன் கொரல் எனக்குத் தெரியாதா? 'வா, உள்ள வா, கதவு தொறந்துதான் கெடக்கு, எவ்வளவு நாள் வேணும்னாலும் இருந்துக்கோ.' அருமையா சொல்ற போ. உடம்பு சிலுத்துப்போச்சு."

அந்தப் படத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. நைலேன் சொன்னாள். நானும் கடைசிவரை பார்த்தேன்.

"எத்தன பேருக்குக் குடுத்தீங்க?"

"கேட்டவன் கேக்காதவன் எல்லாருக்கும். நம்ம துல்விஸ் நடிச்சதுன்னா விடுவாங்களா? கடல் பக்கத்துத் தெரு வரைக்கும் போயிருச்சு. இப்ப கரண்ட் வந்தா எல்லா வீட்லயும் நீதான்."

இனிமேல் யாரும் வாய் தவறி வா என்று சொல்ல வேண்டியதே இல்லை. எல்லோருக்கும் சேர்த்து நான் சொல்லியிருக்கிறேன்.

"போய் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "ஓடுங்க!"

"உனக்கு என்ன ஆச்சு?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க வழக்கம்போல் ஒரே கூச்சல், கைதட்டல், யாரோ தட்டில் தாளம் போட்டார்கள். மின்விசிறிகள் சுழலத் தொடங்கின. நான் வாசலிலேயே நின்றேன். எந்த வீட்டுக்கு முதலில் ஓடுவது என்று தெரியவில்லை.

அரைமணி நேரம் கதவு கதவாகக் கெஞ்சினேன். சிலர் சிரித்தார்கள். சிலர் கன்னத்தைத் தட்டி, நன்றாக நடித்திருக்கிறாய் என்றார்கள். களைத்துப்போய் என் வீட்டுக்குத் திரும்பும்போது எதிர்வீட்டில் கேட்டது.

"வா, உள்ள வா."

என் குரல். அடுத்த வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும்.

உள்ளே நுழைந்தேன். இத்தனை வாரமாக ஓயாமல் ஆடிய நாற்காலி அசையாமல் நின்றது.

தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

போன் அடித்தது.

"அக்கா, எங்க இருக்க?" நைலேன் கிசுகிசுத்தாள். "பக்கத்து வீட்ல உன் கொரல் கேக்குதே. யாரையோ உள்ள வான்னு கூப்பிடுற."

"பாப்பா எங்க?"

"முன்னறையில, தொட்டில்ல. இப்பத்தான் தூங்க வச்சுட்டுத் துணி காயப்போட வந்தேன்."

"போய்த் தூக்கிக்க. மொதல்ல போய்த் தூக்கு!"

அவள் நடக்கும் சத்தம் கேட்டது. மரத்தரை முனகியது. பிறகு நின்றது.

"அக்கா," என்றாள் மிக மெதுவாக, "இந்த நாற்காலிய யாரு தொட்டில் பக்கத்துல போட்டது?"