குழாயடி வரை இந்திய வரலாறு

முதலில் எல்லை தாண்டியது சோழன்தான் என்று எனக்கு நினைவு. இல்லை, பாண்டியன்தான் என்கிறான் இம்மானுவேல். ஆனால் அன்று சோழனாக இருந்தவனே அவன்தான். அதனால் அவன் சொல்வதை அப்படியே நம்ப முடியாது. என் நினைவும் அத்தனை உறுதியானது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது.

மதுரை விளாங்குடியில் எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர், வாசல் கேட்டில் தொடங்கித் தண்ணீர்க் குழாயில் முடியும். அதில் இந்திய வரலாற்றை வரைய வேண்டும் என்று ஜெயக்கொடி டீச்சருக்கு ஆசை.

"அசோகரும் அக்பரும் எங்க டீச்சர்?" என்று கேட்டான் அழகுபாண்டி.

"சுவரு இம்புட்டுத்தாண்டா இருக்கு. அவங்க அடுத்த வருசம்" என்றார் டீச்சர்.

கேட்டை ஒட்டிய சிந்துவெளி எனக்கு. அடுத்து இம்மானுவேலுக்குச் சோழர், அழகுபாண்டிக்குப் பாண்டியர், ரோகிணிக்கு நாயக்கர். குழாயை ஒட்டிய கடைசி இடத்தில் ஆங்கிலேயர். அது ஆறாம் வகுப்புக் கண்ணுச்சாமிக்கு. மற்ற நான்கு பேரும் ஏழாம் வகுப்பு.

"மூணு மணிக்கு வாரேன். சண்டை போட்டு சுவரை நாசம் பண்ணுனீங்க, மொத்தத்துக்கும் சுண்ணாம்பு அடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் விடைத்தாள் திருத்தப் போனார்.

ரோகிணிதான் எல்லோரையும் விட ஆசையாக வந்திருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு மாட்டுத்தாவணிச் சந்தையில் பூ வியாபாரம். பள்ளிக்கூடத்துக்கு அவர் வந்ததே இல்லை. அன்று சனிக்கிழமை. "சாயங்காலம் வந்து பாக்கிறேன்" என்று அவரே சொல்லியிருந்தாராம். திருமலை நாயக்கர் மகாலை முழுசாக வரைந்து காட்ட வேண்டும் என்று ரோகிணி வாரம் முழுக்கத் தாளில் வரைந்து பழகியிருந்தாள்.

எனக்கு வேலை சுலபம். ஒரு குளம், ஒரு காளை முத்திரை, கொஞ்சம் சிந்துவெளி எழுத்து. அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை என்பதால், என்னிடம் பிழை கண்டுபிடிக்க ஆள் இல்லை.

சிறிது நேரத்தில் சோழப் புலியின் வால் என் குளத்துக்குள் வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேச மாட்டேன். சிந்துவெளிக்காரர்களும் அப்படித்தான் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அழகுபாண்டி அப்படி இல்லை.

"டேய், ஒன் கப்பல் ஏன்டா என் மதுரைக்குள்ள வருது?"

"கடாரத்துக்குப் போகுதுடா. கப்பல் போக வழி வேணும்ல?" என்றான் இம்மானுவேல்.

"தஞ்சாவூர்ல இருந்து கடாரத்துக்கு மதுரை வழியாவா போவ? எந்த பஸ்ல ஏறுன?"

அழகுபாண்டி ஒரு பெரிய மீனை வரைந்தான். மீன் கப்பலின் பாதியைத் தின்றது. இம்மானுவேல் மீனின் முதுகில் ஓர் ஈட்டியைச் செருகினான். சிவப்பும் மஞ்சளும் கலந்து, அந்த இடம் சிந்திய சாம்பார் மாதிரி ஆனது.

"நாங்க சோழனுக்கு முன்னாடியும் இருந்தோம், பின்னாடியும் இருந்தோம். எனக்கு ரெண்டு பக்கமும் இடம் வேணும்" என்று கத்திய அழகுபாண்டி, ரோகிணியின் பக்கமாகவும் இரண்டு அடி தள்ளி வரைந்துவிட்டான்.

மறுபக்கம் கண்ணுச்சாமி.

"அக்கா, பெயிண்ட் டப்பா வைக்க மட்டும் கொஞ்சம் எடம் குடுக்கா. இந்தா, புளிப்பு மிட்டாய்" என்று அவன் பணிவாகக் கேட்டான். ரோகிணி சிரித்துக்கொண்டே கொடுத்தாள். டப்பா வந்தது. டப்பாவுக்குக் காவலாக ஒரு செருப்பு வந்தது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், சுவரில் ஒரு நீளக் கோட்டையும் அதன் மேல் ஒரு கொடியும் இருந்தன. தப்பாக வந்த ஒரு பீரங்கியை அவன் கையால் தேய்த்து அழித்ததில், கறுப்பு ரோகிணியின் பக்கம் வரை இழுபட்டிருந்தது.

அதோடு விடவில்லை. தூரிகை கழுவப் போன இம்மானுவேலைக் குழாயடியில் மறித்தான்.

"அண்ணே, குழாய் என் எல்லையில இருக்கு. ஒரு மூடி பெயிண்ட் குடுத்துட்டு கழுவிக்கங்க."

"என்னது?"

"வரிண்ணே."

ரோகிணி திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு மீதி இருந்தது இரண்டு சாண் அகலம். அந்த இடத்தில் மகால் வராது. அதன் கதவு கூட வராது.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னால் முடிந்த உதவி அதுதான்.

பிறகு அவள் எழுந்து, தன் இரண்டு சாணிலும் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு தூண் வரைந்தாள். சந்தன நிறத்தில் குண்டுத் தூண். கண்ணுச்சாமி இழுத்துவிட்ட கறுப்பு அதற்குள் காணாமல் போனது.

அழகுபாண்டி அதையே பார்த்தான். பிறகு தன் சாம்பாரைப் பார்த்தான்.

"ரோகிணி, இங்கயும் ஒண்ணு போடேன். இந்தக் கப்பலை மறைச்சிரு."

"இம்மானுவேலும் சரின்னு சொல்லணும்" என்றாள் ரோகிணி. "தூண் குண்டா இருக்கும். ஆளுக்கு ஒரு சாண் விடணும்."

"நான் ஏன் விடணும்?" என்றான் இம்மானுவேல்.

"விடாத. மூணு மணிக்கு டீச்சர் சுண்ணாம்போட வருவாங்க. அப்ப ஒன் கோயிலும் சேர்ந்து போயிரும்."

இம்மானுவேல் தான் வரைந்த கோபுரத்தைப் பார்த்தான். நிஜமாகவே நன்றாக வந்திருந்தது.

"ஒரு சாண்தான?" என்றான்.

"என் சாண் இல்ல. ஒன் பெரிய கையால ஒரு சாண்" என்றாள் ரோகிணி.

அங்கே ஒரு தூண் எழுந்தது. புலி வால் விழுந்த இடத்தில், எனக்கும் சோழனுக்கும் நடுவே இன்னொன்று. கண்ணுச்சாமி டப்பாவோடு ஓடி வந்தான்.

"அக்கா, எல்லாருக்கும் தூண் இருக்கு. என் கடைசியில மட்டும் மொட்டையா இருக்கு. எனக்கும் ஒண்ணு?"

"பெயிண்ட் கலக்கத் தண்ணி வேணும். மொதல்ல குழாயை விடு."

கண்ணுச்சாமி கொஞ்சம் யோசித்தான். செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, அவனே வாளியில் தண்ணீர் பிடித்து வந்தான். ரோகிணி தூண்களை மேலே வளைவுகளால் இணைத்தாள். நாங்கள் நான்கு பேரும் அவள் சொன்ன இடத்தில் சொன்ன நிறம் அடித்தோம்.

மூன்று மணிக்கு டீச்சர் வந்தார். கேட்டிலிருந்து குழாய் வரை மெதுவாக நடந்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நாயக்கர் மகால் எங்க?"

ரோகிணி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கையைக் காட்டினாள்.

டீச்சர் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடிப்பாவி! சோழன், பாண்டியன், வெள்ளைக்காரன் அம்புட்டுப் பேரையும் ஒன் மகாலுக்குள்ள கொண்டாந்துட்டியே!"

அப்போதுதான் எங்களுக்கும் அது உறைத்தது.

"டீச்சர்! இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா ஒரு விரக்கடை கூட விட்டிருக்க மாட்டேன்!" என்று அலறினான் அழகுபாண்டி.

சாயங்காலம் மல்லிகை வாசனையோடு ரோகிணியின் அம்மா வந்தார். "இதுல ஒன்னோடது எதுடி?" என்று கேட்டார். "தூணெல்லாம் என்னோடதும்மா" என்றாள் ரோகிணி. அவர் ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசித் தூண் வந்ததும், "எம்புட்டுப் பெருசா வரைஞ்சிருக்க!" என்று நின்று, கால் வலிக்கு அதன் மேலேயே சாய்ந்துகொண்டார்.

"காயலைம்மா!" என்று ஐந்து பேரும் கத்தினோம். அதற்குள் சேலைக்குச் சந்தன நிறத்தில் ஒரு கரை கிடைத்துவிட்டது.

இப்போது அழகுபாண்டியும் இம்மானுவேலும் ஒரே கபடி அணியில் இருக்கிறார்கள். கண்ணுச்சாமி எட்டாம் வகுப்புத் தலைவன். ஜெயக்கொடி டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அசோகரும் அக்பரும் இன்னும் வரவில்லை. நான் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் பேசுகிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். போன மாதம் கோரிப்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குப் படம் வரைய ரோகிணியைக் கூப்பிட்டார்கள். அவள் எங்களையும் வரச் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் இடம் போதவில்லை. ஒட்டி உட்கார்ந்து ஐந்து பேருமே போனோம்.