தாலி மட்டும் காணோம்

வெள்ளிக்கிழமை காலை 7.10. அண்ணனூரில் கல்யாண வீட்டில் தாலியைக் காணோம்.

பூஜை அறையில் விளக்கேற்றப் போன வேம்புலியம்மாள் அரிசி டப்பாவைத் திறந்தார். அரிசி இருந்தது. மஞ்சள் துணியில் முடிந்து அதற்குள் வைத்திருந்த தாலி இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகன் தமிழ்வாணனுக்குக் கல்யாணம். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம்.

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்கு வந்தவர் வேம்புலியம்மாளின் தம்பி கோதண்டம். சட்டை முழுக்க வேர்வை. "வண்டியக் குடுடா நைனான்னா, பெட்ரோல் இல்லன்றான் மேடம். கல்யாணம் அவனுக்கு, நடக்கறவன் நான்."

எஸ்.ஐ. சுலோசனா விடிய விடிய திருவிழா பந்தோபஸ்தில் நின்றுவிட்டு வந்திருந்தார். முட்டி இரண்டும் வீட்டுக்குப் போகச் சொல்லின. அவற்றின் பேச்சை யார் கேட்டார்கள்? கிளம்பினார்.

காலை 9.00. பூஜை அறையின் பூட்டு உடையவில்லை. ஜன்னல் வழியாகப் பூனை வரலாம், ஆள் வர முடியாது. டப்பாவுக்குப் பக்கத்திலேயே மருமகளுக்கு வாங்கிய சங்கிலியும் வளையலும் பத்திரமாக இருந்தன.

"தாலி இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, எம்புள்ளைக்கு, அப்பறம் இவனுக்கு." வேம்புலியம்மாள் தம்பியைக் காட்டினார். "இவன் பொண்ண நாங்க கட்டலன்னு வவுறு எரிஞ்சிகினு கெடந்தான். இவன்தான் மேடம் எடுத்தது."

கோதண்டம் அக்காவின் பக்கம் திரும்பினார். "இன்னாக்கா இப்டிப் பேசற? இப்பவே போயி கடையில வேற வாங்கியாறேன். கல்யாணம் நிக்கக் கூடாது."

"கடைத் தாலியா? நம்ம ஊட்ல நல்ல நாள் பாத்து பொன்னு உருக்கித்தான் கட்டுறது. காணாமப் போனப்பறம் இந்த முகூர்த்தமே வேணாம்."

ஆனி போனால் ஆடி. ஆடியில் இந்தப் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. நொந்துபோய் உட்கார்ந்த சுலோசனாவின் கண் சுவருக்குப் போனது. ரத்த தானச் சான்றிதழ்கள் வரிசையாக மாட்டியிருந்தன.

"எம்புள்ளதான்" என்றார் வேம்புலியம்மாள். அழுகைக்கு நடுவிலும் பெருமை விடவில்லை. "பொறந்த நாளைக்கு வருசா வருசம் குடுப்பான். போன வாரம் கேம்ப்காரங்க ஊடு தேடி வந்து கூப்ட்டும் போவல. கல்யாண வேலைன்னுட்டான்."

9.20. பால் பாக்கெட்டுகளோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினான் தமிழ்வாணன். ரயில்வே கார் ஷெட்டில் வேலை. பெட்ரோல் இல்லாத வண்டி நன்றாகவே ஓடியது.

"அழுவாதம்மா. ஆவணி கடைசியில வெச்சிக்கலாம்" என்றான். சரிந்து நின்ற பந்தல் மூங்கிலை நிமிர்த்தப் போனபோது சிராய் கிழித்து விரலில் ரத்தம் வந்தது. அம்மா மஞ்சள்தூளோடு ஓடி வந்தார்.

"தொடாதம்மா!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். தானே கழுவி, தானே துணி சுற்றி, தரையில் விழுந்த சொட்டிலும் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான். அம்மா மஞ்சள்தூளோடு அப்படியே நின்றார்.

சுலோசனா எழுந்தார். "தம்பி, கொஞ்சம் வெளிய வா."

ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, "சீட்டத் தொற" என்றார்.

அவன் திறந்தான். ரெயின்கோட்டுக்கு அடியில் மஞ்சள் துணி.

"நீதான் எடுத்த. சங்கிலிய விட்டுட்டுத் தாலிய மட்டும் எடுத்தவனுக்குத் தங்கம் வேணாம், நாள் வேணும். உங்க மாமா கடைக்குப் போய் வாங்கலாம்ன்றாரு. கல்யாணத்த நிறுத்த நினைக்கறவர் அப்படிச் சொல்வாரா? நீ மட்டும் தாலியத் தேடவே இல்ல, நேரா ஆவணிக்குப் போயிட்ட. தாலி சீட்டுக்கடியில இருக்குன்னுதான் மாமாவுக்கு வண்டி குடுக்கல, பெட்ரோல் பொய் வேற."

அவன் மஞ்சள் துணியை வெளியே எடுத்தான்.

"ஏன்னுதான் புரியல. மஞ்சள்தூளோட வந்த அம்மாவத் தொட விடாதப்பப் புரிஞ்சிது. வருசா வருசம் ரத்தம் குடுக்கறவன் இந்தத் தடவ மாட்டேன்னதும் அதனாலதான். ஒரு தடவ ஒருத்தன சோதனை போடும்போது அவன் பையில இருந்த ஊசி என் கையில குத்திடுச்சு. மூணு மாசம் என் பொண்ண நானும் இப்படித்தான் கிட்ட விடல."

தமிழ்வாணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஜூன் மொதல்ல, ஃபிரெண்டுங்களோட வெளியூர் போனப்ப..."

"அதை நான் கேக்கல. டெஸ்ட் பண்ணியா?"

"அஞ்சாம் நாள் நம்பிக்கை மையத்துக்குப் போனேன் மேடம். மூணு நாளுக்குள்ள வந்திருந்தா எச்.ஐ.வி. வராம இருக்க மாத்திரை குடுத்திருப்போம்னாங்க. ரத்தம் பாத்தாங்க. இல்லன்னுதான் வந்துது. ஆனா இவ்ளோ சீக்கிரம் காட்டாது, ஆறாவது வாரம் ஒரு தபா வா, மூணு மாசத்துல ஒரு தபா வான்னாங்க. கல்யாணத்தத் தள்ளிப்போடச் சொன்னா அம்மா காரணம் கேக்கும். இல்லன்ற பேப்பரு கையில கீதேன்னு கட்டிக்கினு இருக்கலாம். மனசு வரல."

சுலோசனாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. களைப்புதான் வந்தது. "தொட்டா ஒட்டாது. ஒண்ணா சாப்ட்டா ஒட்டாது. எனக்கும் அன்னிக்கு அது தெரியும், பயந்தான் போவல. அந்தப் பொண்ணுக்கு வந்துடக் கூடாதுன்னு நினைச்ச பாரு, அது சரி. ஆனா உன் மாமாவத் திருடனாக்கிட்ட."

"ஜெயாகிட்ட சொல்லிடாதீங்க மேடம்."

"நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவன் நீ."

11.40. விஷயம் கேள்விப்பட்டு முகப்பேரிலிருந்து மணப்பெண் ஜெயப்பிரியா வந்து சேர்ந்தாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றே அவன் எல்லாவற்றையும் சொன்னான். சுலோசனா தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

ஜெயப்பிரியாவின் முகம் வெளுத்துவிட்டது. யாரோடு என்று அவள் கேட்கவில்லை, எங்கே என்றும் கேட்கவில்லை.

"அடுத்த டெஸ்ட் எப்ப?"

"வர்ற வெள்ளி. அப்பறம் செப்டம்பர்ல."

"ரெண்டுக்கும் நானும் வரேன். கட்டிப்பேனா மாட்டேனான்னு இப்ப கேக்காத. ரொம்பக் கோவமா இருக்கேன்." கையை நீட்டினாள். "அதக் குடு. உன்கிட்ட இருந்தா மறுபடியும் ஒளிச்சு வெப்ப."

விரல் படாமல் துணியின் நுனியைப் பிடித்துக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்தாள். துணி சுற்றிய அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து, பிறகுதான் விட்டாள்.

உள்ளே கோதண்டம் ஒரு மூலையில், கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்தார். தமிழ்வாணன் நேராக அவர் எதிரில் போய் நின்றான்.

"மாமா எடுக்கலம்மா. நாந்தான் எடுத்தேன்."

வேம்புலியம்மாள் மகனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன்டா?"

அவன் பின்னால் நின்ற ஜெயப்பிரியா முந்திக்கொண்டு சொன்னாள்: "எங்களுக்கு ஆவணி வரைக்கும் நாள் வேணும் அத்தை."

வேம்புலியம்மாள் அவள் கையிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தார். கோதண்டம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மருமகன் முன் கையை நீட்டினார்.

"வண்டி சாவியக் குடு. பந்தலப் பிரிக்க ஆளக் கூட்டியாரணும்."