துருவின் வாய்ப்புண்ணும் பல்செட்டுக்கார அம்மாவும்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருக்கிறது, காது இல்லை. ஒரு கையால் பூட்டை நீட்டுவான், மறு கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு எவனிடமோ கத்துவான். "என்னப்பா ஆச்சு பூட்டுக்கு?" என்று கேட்டால் நம்மையே முறைப்பான். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் நாற்பது வருஷமாகச் சாவி வெட்டிக் கொடுக்கிறார் பூட்டுக்காரர். நம்பிக்கை என்று யாராவது பேச ஆரம்பித்தால் அவருக்குச் சிரிப்பு வரும். ஒருத்தரை ஒருத்தர் நம்புகிறவன் பூட்டு எதற்கு வாங்குகிறான், சொல்லுங்கள்?

அவர் நம்பிய ஒரே ஜீவன் துரு. பழைய இரும்பின் நிறத்தில் ஒரு பூனை. மனைவி இறந்துபோன பிறகு அவர் பேச்சுக்குப் பதில் சொன்னது அது ஒன்றுதான்.

அந்தத் துரு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டருகே போகும்... மோந்து பார்க்கும்... வாயைத் திறக்கப் போய், முள் குத்தியது போலக் கத்திவிட்டுப் பின்வாங்கும். மோவாயெல்லாம் எச்சில். தாடை இறுகிவிட்டது என்று முடிவு கட்டினார் பூட்டுக்காரர். இறுகினால் எண்ணெய் விட வேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தன் பல்வலிக்கு வாங்கிய கிராம்புத் தைலத்தை, பூட்டுக்கு எண்ணெய் விடும் நீளமூக்குக் குப்பியில் ஊற்றினார். பூனையை மடியில் இடுக்கிக்கொண்டார். வெளியே சடசடவென்று மழை.

"ஐயையோ! என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தார். வாசலில் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து இருக்கும். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் உடைந்த சாவியோடு நின்றார்.

"பாத்தா தெரியல? எண்ணெய் விடுறேன்."

"அது என்ன கதவா?"

கேட்ட வேகத்தில் உள்ளே வந்து குப்பியைப் பிடுங்கி மோந்து பார்த்தார் அந்த அம்மா. "கிராம்பா! பூனைக்கு இது விஷங்க. நல்ல வேளை... கொன்னிருப்பீங்க."

"நீங்க யாரு, டாக்டரா?"

"பல்செட் செய்யறவ. முப்பது வருஷமா ஊரார் வாயத்தான் பாத்துட்டிருக்கேன்." சொல்லிக்கொண்டே பூட்டுக்காரர் வாயைப் பார்த்தார். "உங்களுக்கே மேல் வரிசையில ரெண்டக் காணோம்."

பூட்டுக்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அறுபத்திரண்டு வயதில் காது சூடாவது என்ன கூத்து! கதைகளில் பெண்கள் கண்ணைப் பார்ப்பார்களாம். இந்த அம்மா பல்லைப் பார்க்கிறார். ஆனால் அந்த அம்மாவின் கண்ணைப் பூட்டுக்காரர் பார்த்துவிட்டார்... மழைத்துளி ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால், கோபத்திலும் ஈரமான இரண்டு பெரிய கண்கள். சே, நமக்கெதற்கு!

அதற்குள் துருவின் உதட்டை மெல்லத் தூக்கியிருந்தார் அந்த அம்மா. "ஈறு பூரா செவந்து கெடக்கு, பாருங்க. தொண்டை வரைக்கும் புண்ணு. பசிக்குது, ஆனா தின்னா வலிக்குது. பாவம், அது வேற என்ன பண்ணும்? மீன் இருக்கா?"

இருந்தது. உப்பு, காரம் எதுவும் போடாமல் வேகவைத்து, முள் எடுத்து, கூழாக மசிக்கச் சொன்னார். "சூடாவும் வேணாம், சில்லுனும் வேணாம். கைக்கு இதமா இருந்தா போதும்." தன் விரல்நுனியில் தொட்டு நீட்டினார். துரு யோசித்தது... நாக்கை நீட்டியது... நக்கியது. பூட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தும்மல் வந்தது போல நடித்துச் சமாளித்தார்.

"சாவி எப்ப கெடைக்கும்?"

"நாளைக்கு வாங்க," என்றார். பத்து நிமிட வேலை.

மறுநாளும் "நாளைக்கு" என்றார். அந்த அம்மாவும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் ஐந்தரைக்கு வந்து, துருவின் வாயோரத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மீன்கூழ் ஊட்டிவிட்டுப் போனார். நான்காம் நாள் பூட்டுக்காரர் சவரம் செய்துகொண்டார்.

"என்ன விசேஷம்? முகம் பளபளன்னு இருக்கு."

"பிளேடு துருப்பிடிக்குதேன்னு வழிச்சேன்."

"ஆமா ஆமா... பிளேடுக்காகத்தான்."

ஆறாம் நாள்தான் வினை வந்தது.

"இதெல்லாம் வெறும் ஆறுதல்தாங்க," என்றார் அந்த அம்மா. "கூழ் குடுத்தா வயிறு நெறையும், நோய் போகாது. கால்நடை டாக்டர்கிட்ட காட்டணும். பல்ல எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம்."

"பல்ல எடுக்கணுமா?" பூட்டுக்காரர் குமுறினார். "ஓஹோ... இதுக்குத்தானா இந்த ஓட்டம்? பல்லு புடுங்குற கூட்டம் எல்லாம் ஒண்ணு. ஆள் புடிச்சுக் குடுத்தா உங்களுக்கும் ஏதாவது உண்டா?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. அந்தக் கண்கள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவை அணைந்து போயின.

"சாவியக் குடுங்க."

கொடுத்தார். அந்த அம்மா திரும்பிப் பார்க்காமல் போனார்.

அடுத்த நாள் அதே மீன், அதே பதம். துரு அவர் விரலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்கடுத்த நாள் தண்ணீரும் வேண்டாமென்றது. அது சுருண்டு கிடந்த மூலையையும் அந்த அம்மா உட்காராமல் காலியாகக் கிடந்த முக்காலியையும் மாறி மாறிப் பார்த்தார் பூட்டுக்காரர். பெரிய வீம்பு! வீம்பைத் தின்றா பூனை பிழைக்கும்? நடுப்பகலில் கடையைச் சாத்தினார். கருவிப் பையைக் காலி செய்து பழைய துண்டை விரித்து, அதில் துருவைப் படுக்க வைத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனார்.

கதவைத் திறந்தது அந்த அம்மாவின் தம்பி. பையைப் பார்த்தார். "பூட்டு ரிப்பேரா? நாங்க யாரும் கூப்பிடலையே."

"உங்க அக்காவப் பாக்கணும்."

"எதுக்கு?"

"மன்னிப்பு கேக்க."

தம்பி அவரை மேலும் கீழும் அளந்தார். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினார்: "அக்கா! உன் பூட்டுக்காரரு வந்திருக்காரு! ரெண்டு நாளா நீ திட்டிட்டிருந்தியே, அவருதான்!"

உன் பூட்டுக்காரர்... பூட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

கையெல்லாம் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவோடு வந்து நின்றார் அந்த அம்மா.

"நான் பேசுனது தப்பு," என்றார் பூட்டுக்காரர். அவர் வாழ்நாளில் இது இரண்டாம் தடவையாக இருக்கலாம். "டாக்டர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல. இப்பவும் இல்ல. ஆனா நீங்க சொன்னா காட்டுறேன்."

அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு செருப்பை மாட்டினார்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், ஊசி போட்டார், கடைவாய்ப் பற்களை எடுத்தார். பூனை கண் திறக்கும் வரை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூட்டுக்காரர் காலிப் பையின் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அந்த இடத்தை நிரப்பி நகர்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். அவர் கை ஓய்ந்தது.

அந்த அம்மா பழையபடி தினமும் வந்து ஊட்ட, மூன்று வாரம் கழித்து டாக்டர் மறுபடி பார்த்து, "புண்ணு ஆறிடுச்சு, இனிமே நல்லா சாப்பிடும்," என்றார். ஆஸ்பத்திரி வாசலில் பொடித்தூறல்.

"ஆக... குணமாயிடுச்சு," என்றார் பூட்டுக்காரர். "இனிமே நீங்க கடைக்கு வர வேண்டிய அவசியம் இல்ல."

"ஆமா. இல்ல."

தூறல் விழுந்துகொண்டிருந்தது...

"ஆனா வரணும்," என்றார் பூட்டுக்காரர்.

"எதுக்கு?"

"எதுக்குன்னா... அஞ்சரை ஆனா கண்ணு வாசலுக்குப் போயிடுது. நேத்து மட்டும் மூணு சாவி கெட்டுப்போச்சு. நீங்கதான் காரணம். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அந்த அம்மா சிரித்தே விட்டார். "இதச் சொல்றதுக்கு இவ்வளவு கோபமா?" பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தபடி, நிமிராமல் சொன்னார்: "எனக்கும்தான் பிடிச்சிருக்கு. எப்பவோ."

"பொய்."

"எதுக்குங்க பொய்?"

"இந்த முரட்டுக் கிழவனப் போய் யாருக்குப் பிடிக்கும்? பூனை மேல இருக்குற இரக்கத்துல சொல்றீங்க."

"நம்பாட்டி போங்க."

"நம்ப மாட்டேன்."

பூனைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தார் பூட்டுக்காரர். நம்பவே இல்லை. ஆனாலும் கால் என்னவோ, பின்னால் வருகிறவர் ஓடாமலே எட்டிப் பிடிக்கிற அளவுக்குத்தான் நடந்தது.