லெங்காவின் கல்

பழைய சிவப்புக் கார் அடிவாரத்தில் வந்து நின்றபோது, நான் கற்குவியல் மேல் உட்கார்ந்து ஆட்டுப்பால் சீஸ் தடவிய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தேன். முதலில் இறங்கியது அந்தப் பெண். யித்கா என்று பேர் சொன்னாள்.

"அக்கா, வ்ரானா கோட்டைக்கு இதுதானே வழி? கல்யாணம் ஆனதிலேர்ந்து கோட்டை கோட்டையா இழுத்துக்கிட்டு அலையறாரு. என் முட்டி இத்துப் போச்சு. இதைத்தான் கடைசிக்குன்னு எடுத்து வச்சிருந்தாராம். அப்படி ஒரு காட்சியாமே!"

பின்னாலேயே புருஷன் இறங்கினான். தாடி புதிது. சிரிப்பு பழையது.

ரொட்டியைக் கீழே வைத்தேன்.

ராதோவான். சில வருடங்களுக்கு முன் இவன் அப்போதைய மனைவி லெங்காவோடு வந்தான். எங்கள் கோட்டைக்கு யாரும் வெறுங்கையோடு ஏறுவதில்லை. வண்டி போகாத மலை. இடிந்த சுவரை எடுத்துக் கட்ட, ஏறுகிறவர்கள்தான் ஆளுக்கொரு கல்லைச் சுமந்து வருவார்கள். கல்லில் நீலச் சாக்கட்டியால் பேரை எழுதித் தருவார்கள். கொத்து வேலை பார்க்கிற நான் அதைச் சாந்து வைத்துச் சுவரில் பதிப்பேன். லெங்காவும் ஒரு கல்லைக் கொண்டுவந்து, "நல்லா காட்சி தெரியற எடமா பாத்து வைங்கக்கா" என்றாள். அன்று சாயங்காலமே கிழக்குச் சுவரிலிருந்து விழுந்து செத்தாள். கால் தவறிவிட்டது என்றான் இவன். "வேணாம் ராதோ" என்று அவள் அலறியதை நான் காதாரக் கேட்டேன். போலீசில் சொன்னேன். காற்றுச் சத்தமாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். பாவிகள்!

அவள் கல்லைக் கிழக்குச் சுவரில் பதித்தேன். மறுநாள் அது அடிவாரக் குவியலில் கிடந்தது. எத்தனை முறை வைத்தாலும் அப்படியே. மழையிலும் பேர் அழியவில்லை. ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன்.

இப்போது என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேல வேலை நடக்குது. இன்னொரு நாள் வாங்களேன்" என்றேன்.

"வேலை நடந்தா கல்லு வேணுமில்ல?" என்றான்.

"ஆமாமா, பெரிய பலசாலி! போன மலையில உன் பையைச் சுமந்தது யாரு?" என்று யித்கா சீண்டினாள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குவியலில் இருந்ததிலேயே பெரிய கல்லைத் தூக்கி முதுகுப் பையில் திணித்தான். அதன் அடிப்பக்கத்தை அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். நீல எழுத்து.

அவர்கள் பின்னாலேயே ஏறினேன். அந்தப் பெண்ணை உயிரோடு கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மரக்கூட்டத்துக்குள் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை கூடவே வந்தது. அன்று நான் சுண்ணாம்பே குழைக்கவில்லை. அவன் கொஞ்சம் முன்னால் போனதும் யித்காவின் கையைப் பிடித்தேன்.

"பொண்ணே, இவனுக்கு மொதல்ல ஒருத்தி இருந்தாளே, தெரியுமா?"

"தெரியும்க்கா. நோயில போயிட்டாங்க."

"நோய் இல்லடி. இங்கதான் விழுந்தா. மேல சுவர்கிட்ட மட்டும் போயிடாத."

அவள் முகம் வெளுத்தது. அதற்குள் அவன் திரும்பிப் பார்த்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ராதோ, முடியலைன்னா இறக்கி வையேன்" என்றாள் அவள்.

வழியில் கல்லை இறக்குவது எங்கள் பக்கத்தில் ஆகாது. அவன் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. தோள்வாரைப் பிடித்து இழுத்தான். மறுபடி இழுத்தான்.

"இறங்க மாட்டேங்குது" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

மேலே போய்ச் சேர்ந்தபோது வெயில் இருந்தது. ஆனாலும் குளிர் எலும்பில் குத்தியது. கிழக்குச் சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை அப்படியே இருந்தது.

"அங்க போய் நில்லு. ஒரு போட்டோ" என்றான்.

"வேணாம்."

"நில்லுன்னு சொல்றேன்ல?"

அவள் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். நான் ஓடினேன்.

"லெங்காவையும் இப்படித்தான் தள்ளினியாடா? சொல்லுடா!"

அவன் கை நின்றது.

டக்.

சத்தம் பைக்குள்ளிருந்து வந்தது.

டக். டக். உள்ளேயிருந்து யாரோ விரல் மடக்கித் தட்டுகிற மாதிரி.

தோள்வார்கள் இறுகின. அவன் மார்பில், சட்டைக்கு மேல், பத்து விரல்தடம் நீலமாகப் பதிந்தது. யித்காவை விட்டுவிட்டான். ஒரு அடி பின்னால் வைத்தான். அவனாக வைக்கவில்லை, குதிகால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டே போனது.

"வேணாம் லெங்கா!"

அதே அலறல்தான். குரல் மட்டும் வேறு.

யித்காவை இறுகக் கட்டிக்கொண்டு நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கீழே ஏதோ மோதிய சத்தம் வெகுநேரம் கழித்தே வந்தது.

மீட்புக்காரர்கள் அவனைத் தூக்கி வந்தபோது முதுகில் பை இருந்தது. பைக்குள் ஒன்றுமில்லை. மறுநாள் காலை நான் மேலே போனேன். ஓட்டை அடைபட்டிருந்தது. லெங்காவின் கல் காட்சி பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. சாந்து பல வருடம் காய்ந்ததுபோல் கெட்டியாக இருந்தது. அதற்குப் பிறகு அது கீழே வரவேயில்லை.

ஆனால் அடிவாரக் குவியலில் வேறொரு கல் வந்து சேர்ந்தது. அதில் "ராதோவான்" என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. லெங்காவின் உருண்டைக் கையெழுத்து. அதை யாராவது மேலே கொண்டுபோனால், பொழுது சாயும்போது கிழக்குச் சுவருக்கு வெளியே ஒரு ஆண்குரல் அலறும். ஏதோ விழும். காலையில் கல் குவியலில் கிடக்கும், அடுத்த ஆளுக்காக.

போன வாரம் யித்கா தனியாக வந்தாள். குவியலைக் கிளறி அந்தக் கல்லைத்தான் தேடி எடுத்தாள்.

"அது வேணாம்டி. வேற கல்லு எடு" என்றேன்.

"இல்லக்கா. இன்னிக்கி நான் தூக்கிட்டுப் போறேன்" என்றாள்.

நானும் கூடவே ஏறினேன். பொழுது சாயும்வரை சுவரோரம் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியை இருவரும் பங்கு போட்டுத் தின்றோம்.